வருடம் 120 ரூபாய்க்கு இஎஸ்ஐ: ரிட்டயர் ஆன மில் தொழிலாளியின் 13 வருட அனுபவம்

கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லில் 34 வருடம் சைடராக, அதாவது நூல் நூற்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக வேலை பார்த்து, 2012 மே மாதம் ரிட்டயர் ஆனவன் நான். வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் ரிட்டயர் ஆன தொழிலாளிக்கும் அவருடைய மனைவிக்கும் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வைத்தியம் தொடரும் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதை 13 வருடமாக நானும் எங்கள் வீட்டம்மாவும் பயன்படுத்தி வருகிறோம். அதில் எது நன்றாக இருக்கிறது, எது சரியில்லை, புதிதாகச் சேருகிறவர் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. போன வாரம் பேத்தி வந்திருந்தபோது "நீங்க சொல்லுங்க தாத்தா, நான் டைப் பண்ணித் தர்றேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் பென்ஷன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்த 120 ரூபாயின் அருமை புரியாது. தொழிலாளர் பிஎஃப் பென்ஷன் திட்டம் 1995 நவம்பர் 16இல் வந்தது. பென்ஷன் சம்பளத்தை, அதாவது பென்ஷனுக்காகக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தை, சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நான் ரிட்டயர் ஆனபோது அந்தப் பென்ஷன் சம்பளத்துக்கு உச்சவரம்பு 6,500 ரூபாய், கையில் அதற்கு மேல் எவ்வளவு வாங்கியிருந்தாலும் கணக்கில் வராது. திட்டம் வந்த பிறகு எனக்கு 17 வருட சர்வீஸ். 6,500 பெருக்கல் 17, வகுத்தல் 70, ஆக 1,578 ரூபாய் சொச்சம். 1995க்கு முந்தின சர்வீஸுக்கென்று ஒரு சின்னத் தொகை சேர்த்து மாதம் 2,034 ரூபாய் வருகிறது. இந்தப் பென்ஷனுக்குப் பஞ்சப்படி கிடையாது. பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தால் 2012இல் வந்ததும் 2,034, போன மாதம் வந்ததும் 2,034. அப்போது மில் கேட்டுக்கு எதிரில் டீ 6 ரூபாய், இப்போது 15.

என்னைவிட மோசமாக இருப்பவர்கள் ஏராளம். நடுவில் மில் மூடி, வேறு வேறு இடத்தில் கேஷுவலாக ஓடி, சர்வீஸ் துண்டு துண்டாகிப் போனவர்கள் 2014 வரைக்கும் 400, 600 என்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 என்று ஆக்கினார்கள். அதற்கு முந்தின வருடமே கோஷ்யாரி கமிட்டி குறைந்தபட்சம் 3,000 ஆவது வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் அறிக்கை கொடுத்திருந்தது. இப்போது பென்ஷனர் சங்கங்கள் 7,500 ரூபாயும் பஞ்சப்படியும் புருஷன் பெண்டாட்டிக்கு இலவச வைத்தியமும் கேட்டுப் போராடிக்கொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ஆனது, அதை உயர்த்தியது நல்ல காரியம், இன்னும் உயர்த்த வேண்டும். ஆனால் முப்பது வருடம் பிஎஃப் பிடித்தம் கொடுத்த ஒரு மில்காரனுக்கு 1,000 ரூபாய்தான் என்பதை நினைக்க வயிறு எரிகிறது. எனக்குப் பிறகு எங்கள் வீட்டம்மாவுக்குப் பாதி, 1,017 ரூபாய்.

சரி, இஎஸ்ஐக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் இஎஸ்ஐ முதன்முதலில் தொடங்கியதே கோயம்புத்தூரில்தான், 1955இல். இவ்வளவு மில் இருந்த ஊர் என்பதால் இங்கே ஆரம்பித்தார்கள். எங்கள் அப்பாவும் மில்காரர், என் தங்கை பிறந்தது இஎஸ்ஐ வைத்தியத்தில்தான், எங்கள் வீட்டில் காய்ச்சல் தலைவலி என்றால் இஎஸ்ஐ டிஸ்பென்சரி தவிர வேறு இடம் தெரியாது. நான் வேலையில் இருந்த கடைசி வருடங்களில் சம்பளத்தில் 1.75 சதவீதம் என்னிடம் பிடித்தார்கள், மில் 4.75 சதவீதம் கட்டியது. (2019 ஜூலையிலிருந்து அது 0.75 ஆகவும் 3.25 ஆகவும் குறைந்துவிட்டது.) ரிட்டயர் ஆனால் அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கடைசி மாதம் செட்டில்மென்ட் பேப்பரில் இருபது இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள், மாலை போட்டார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு ஒரு வருடம் முந்தி ரிட்டயர் ஆன எங்கள் டிபார்ட்மென்ட் அண்ணன் ஒருவர், கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்து நிறுத்தி, "ஏப்பா, இஎஸ்ஐக்கு 120 ரூபாய் கட்டினயா? கட்டலயா? நாளைக்கே லெட்டர் வாங்கு, ஆபீஸ்ல ஆள் மாறிட்டா அலைய விட்ருவாங்க" என்றார். அந்த மனுஷன் இப்போது இல்லை. அவர் அன்றைக்குச் சொல்லியிருக்காவிட்டால் இந்த 13 வருடத்தில் நாங்கள் எங்கே நின்றிருப்போம் என்று தெரியாது.

விதி இதுதான்: குறைந்தது 5 வருடம் இஎஸ்ஐயில் இருந்து, வயது முடிந்து ரிட்டயர் ஆனாலும் சரி, விருப்ப ஓய்வில் போனாலும் சரி, மாதம் 10 ரூபாய் வீதம் ஒரு வருடத்துக்கு 120 ரூபாயை முன்கூட்டியே கட்டினால், தொழிலாளிக்கும் மனைவிக்கும் வைத்தியம் உண்டு. பிள்ளைகளுக்குக் கிடையாது. 5 வருடம் இருந்ததற்கும் ரிட்டயர் ஆனதற்கும் அத்தாட்சி வேண்டும், நான் மில்லிலிருந்து லெட்டர் வாங்கிக் கொடுத்தேன், இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ கொடுத்தேன், இரண்டு நடையில் வேலை முடிந்தது. மூன்றாவது வாரம் கையில் அட்டை. சேருவது கஷ்டம் இல்லை, சேரலாம் என்று தெரிவதுதான் கஷ்டம்.

இனி டிஸ்பென்சரியில் ஒரு நாள் எப்படி என்று சொல்கிறேன். மாதத்தில் ஒரு நாள் அதற்கென்று வைத்திருக்கிறோம். காலை ஏழு மணிக்குக் கிளம்புவோம். டவுன் பஸ்ஸில் எங்கள் வீட்டம்மாவுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு மட்டும்தான், அதனால் போக வர அதிகம் ஆகாது. கையில் ஒரு மஞ்சப்பை, அதில் அட்டை, ஓபி நோட்டு, கண்ணாடி, பழைய மாத்திரை அட்டைகள், அப்புறம் ஒரு சின்ன பிளாஸ்க்கில் ஐஸ் கட்டி. வீட்டம்மாவுக்குச் சர்க்கரை, எட்டு வருடமாக இன்சுலின். ஐஸ் இல்லாமல் போனால் இன்சுலின் தர மாட்டார்கள், அது சரியான வழக்கம்தான், வெயிலில் கெட்டுப்போகும் மருந்து அது. முந்தின நாள் ராத்திரி அவள் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டுத்தான் படுப்பாள். ஒரு முறை கரண்ட் போய் ஐஸ் உறையவில்லை, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், கூட்டம் அப்படி. ஆனால் இப்போது இருக்கும் டாக்டரம்மா பிரஷர் பார்க்காமல் மருந்து எழுத மாட்டார். எனக்குப் பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை, பஞ்சு தூசியில் 34 வருடம் நின்றதற்குப் பரிசாக இருமல், அதற்கு இன்ஹேலர். வீட்டம்மாவுக்கு இன்சுலின், மெட்ஃபார்மின், கால் எரிச்சலுக்கு ஒரு மாத்திரை, கால்சியம். இருமலுக்கு மருந்து கொடுக்கும்போது அந்த டாக்டரம்மா என்னிடம் "எந்த டிபார்ட்மென்ட்ல இருந்தீங்க?" என்று கேட்டார். பத்து வருடத்தில் அப்படிக் கேட்ட முதல் டாக்டர் அவர்தான். பஞ்சு தூசியால் வரும் நுரையீரல் நோய் இஎஸ்ஐயின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. வேலையில் இருக்கும்போதே யாராவது என்னை ஊதச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். இப்போது வேலையில் இருக்கும் பசங்களுக்குச் சொல்கிறேன், திங்கட்கிழமை லீவு முடிந்து மில்லுக்குள் போனதும் நெஞ்சு இறுக்கமாக இருந்தால் அதைச் சும்மா விடாதீர்கள், டாக்டரிடம் அதையே சொல்லுங்கள்.

மருந்து வாங்கும் ஜன்னலில் மாத்திரையைக் கத்தரியால் எண்ணி வெட்டித் தருவார்கள். முழு அட்டை வந்தால் அன்றைக்கு ஸ்டாக் இருக்கிறது என்று அர்த்தம். பத்து மாத்திரை அட்டையை ஐந்தாக வெட்டினால் அந்த மாதம் அலைச்சல் என்று புரிந்துகொள்ள வேண்டும். என் பெரிய குறை இங்கேதான். ஒரு மாத மருந்து எழுதினால் சில சமயம் 15 நாளுக்குத்தான் கிடைக்கும். "இது ஸ்டாக் இல்லைங்கய்யா, அடுத்த வாரம் வந்து பாருங்க" என்பார்கள். அடுத்த வாரம் போனால் அது இருக்கும், வேறொன்று இருக்காது. மருந்து கொடுக்கும் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, வராத மருந்தை அது எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும். ஆனால் 70 வயதுக்கு மேற்பட்ட ஆளை மூன்று தடவை பஸ் ஏற வைப்பதும் ஒரு செலவுதான், உடம்புக்கும் செலவு. ஒரு முறை அங்கேயே ஒரு அம்மா, அறுபத்தைந்து எழுபது வயது இருக்கும், ரீலிங்கில் வேலை பார்த்தவர், பாதி மருந்துதான் கிடைத்தது என்று தெரிந்ததும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, 15 மாத்திரையை மடியில் கொட்டி, ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிட்டால் முப்பது நாள் வரும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நான் போய், "அப்படிச் செய்யாதீங்க அக்கா, பிரஷர் ஏறிடும்" என்று சொன்னேன். "வாங்கக் காசு வேணுமல்லங்க?" என்றார். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

வெளியில் வாங்கிய மருந்துக்குப் பில் வைத்துப் பணம் திரும்ப வாங்கலாம். நானும் ஒரு தடவை செய்து பார்த்தேன். 640 ரூபாய் பில், டாக்டர் கையெழுத்து, சீல், ஸ்டாக் இல்லை என்ற குறிப்பு, பாஸ்புக் ஜெராக்ஸ், எல்லாம் வைத்துக் கொடுத்தேன். ஏழு மாதம் கழித்துப் பணம் வந்தது, முழுசாக வந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் 2,034 ரூபாய் பென்ஷன்காரனுக்கு 640 ரூபாயை ஏழு மாதம் விட்டு வைப்பது முடிகிற காரியமா. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. டிஸ்பென்சரியில் இல்லாததை முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ வாங்கிவிடுகிறேன். முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரி 24இல் ஆயிரம் கடைகளோடு தொடங்கியது, எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்திலேயே ஒன்று இருக்கிறது. கம்பெனிப் பெயர் இல்லாத மாத்திரை, உள்ளே இருக்கும் மருந்து அதேதான், விலை பாதிக்கும் கீழே. கடைக்குப் போகும்போது டாக்டர் எழுதிய சீட்டில் மருந்தின் பெயர் இருக்கிறதா, கம்பெனிப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினால் தடுமாற வேண்டியதில்லை.

நல்லதையும் நிறைவாகச் சொல்ல வேண்டும். 2018இல் எனக்குக் குடலிறக்கம் வந்தது. பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம், 65 ஆயிரம் ஆகும் என்றார்கள், அதில் மருந்து சேர்த்தியில்லை. செட்டில்மென்ட் பணமும் கிராஜுவிட்டியும் மகள் கல்யாணத்தில் போய்ச் சேர்ந்திருந்தது, மிச்சம் இருந்தது போஸ்ட் ஆபீஸில் மாத வருமானத் திட்டத்தில் கிடந்தது, அந்த வட்டியில்தான் வீட்டு வாடகையில் பாதி கட்டுகிறோம். அதை உடைக்கலாமா என்று ராத்திரி முழுக்க இருவரும் தூங்காமல் பேசினோம். வீட்டம்மாதான், "ஏனுங்க, முதல்ல இஎஸ்ஐல காட்டலாமுங்க, அவங்க முடியாதுன்னா அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள். டிஸ்பென்சரியில் எழுதிக் கொடுத்தார்கள், இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போனேன், டெஸ்ட் எல்லாம் எடுத்தார்கள், பதினெட்டு நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள். ஆபரேஷன் ஆகி ஆறு நாள் இருந்தேன். காலையில் பாலும் ரொட்டியும், மத்தியானம் சாப்பாடு, எல்லாம் அங்கேயே. வார்டில் ஃபேன் ஒன்று ஓடாது, பாத்ரூம் சுத்தம் போதாது, துணைக்கு வந்தவள் கீழே பாய் விரித்துத்தான் படுத்தாள். ஆனால் தையல் சுத்தமாக ஆறியது, வீட்டுக்குக் கிளம்பும்போது என்னிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 65 ஆயிரம் என்பது என் பென்ஷனில் 32 மாதம்.

இப்போது ஒரு கசப்பான விஷயம். ஒரு தடவை, இன்ஹேலர் இரண்டு மாதமாக இல்லை என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். உள்ளே இருந்த ஊழியர் ஒருவர், "வருசத்துக்கு நூத்தி இருபது ரூபாய் கட்டிட்டு எல்லாம் ஓசில வேணும்னா எப்படிங்க?" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் குனியவில்லை. "தம்பி, நான் அரை நைட்டும் முழு நைட்டுமா 34 வருசம் நின்னு, மாசம் மாசம் சம்பளத்துல கொடுத்திருக்கேன், என் மில்லும் எனக்காகக் கட்டியிருக்கு, அந்த முப்பத்துநாலு வருசத்துல நான் ஆஸ்பத்திரில படுத்தது நாலு நாள், அந்தப் பணம் எங்க போச்சு, யாரோ ஒரு தொழிலாளிக்கு வைத்தியமாப் போச்சு, அது சந்தோஷம், இப்ப என் முறை" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். இதைப் படிக்கிற இஎஸ்ஐ ஊழியர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள்: ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் பிச்சை கேட்க வரவில்லை. இளைஞனாக இருந்தபோது சேர்த்து வைத்ததை வயதான பிறகு எடுக்க வந்திருக்கிறார்.

புதுப்பிக்கும் தேதியை மறந்தால் என்ன ஆகும் என்பதையும் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2020இல் ஊரடங்கு நேரத்தில் தேதி தாண்டிவிட்டது, யாரும் நினைவுபடுத்தவில்லை, பஸ்ஸும் இல்லை. பஸ் விட்ட பிறகு போனால் அட்டை செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஆபீஸில் ஆள் குறைவு, எல்லாம் சரியாக மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் மருந்து வெளியில் வாங்கினோம். இன்சுலினும் ஊசியும் இன்ஹேலரும் மாத்திரைகளும் சேர்த்து மாதம் 2,750 ரூபாய் ஆனது, பில்லை இன்னும் வைத்திருக்கிறேன். பென்ஷன் முழுவதையும் மருந்துக்கடையில் கொடுத்து, மேலே 700 ரூபாய் மகனிடம் கேட்டு வாங்கினோம். அவனுக்கே அப்போது பனியன் கம்பெனியில் வேலை இல்லை. வீட்டம்மா எனக்குத் தெரியாமல் இன்சுலின் அளவைக் குறைத்துப் போட்டிருக்கிறாள், பாட்டில் சீக்கிரம் தீராததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். "என்ன அம்மிணி இது" என்று கேட்டதற்கு, "உங்களுக்கு மூச்சு மருந்து வேணுமல்லங்க" என்றாள். அதற்குப் பிறகு காலண்டரில் புதுப்பிக்கும் மாதத்துக்கு முந்தின மாதமே சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு வைக்கிறோம், பேத்தியின் செல்போனிலும் அலாரம் இருக்கிறது.

உயிர்வாழ்வுச் சான்றைப் பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை, பென்ஷன் நின்றுபோவது பெரும்பாலும் அதனால்தான். நூலில் முடிச்சுப் போட்டுப் போட்டு எங்கள் ஆட்களுக்குக் கைரேகை தேய்ந்துபோயிருக்கும். ஒரு வருடம் பேங்கில் பத்து விரலையும் வைத்துப் பார்த்தும் மெஷின் எடுக்கவில்லை, "உங்க ரேகை பதியலைங்க" என்று அனுப்பிவிட்டார்கள், இரண்டு மாதப் பென்ஷன் நின்று பிறகு சேர்ந்து வந்தது. இப்போது செல்போனில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம், ஜீவன் பிரமாண் ஆப்பில் அந்த வசதி 2021 நவம்பரில் வந்தது. வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி வாசலில் உட்கார்ந்து, கண்ணைச் சிமிட்டினால் போதும். தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்து தருவதும் உண்டு. பிஎஃப் பென்ஷனுக்கு நவம்பர் மாதம்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஒரு வருடம் செல்லும். பேங்கில் கூட்டம் இல்லாத மாதமாகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த 120 ரூபாயை விட்டால் வேறு என்ன வழி என்றும் பார்த்தேன். தனியார் இன்சூரன்ஸில் எங்கள் இருவருக்கும் சேர்த்து விசாரித்தோம், வருடம் 70 ஆயிரத்துக்கு மேல் சொன்னார்கள். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை எடுத்துவிட்டார்கள், அது நல்லதுதான், ஆனால் என் வருடப் பென்ஷனே 24,408 ரூபாய். அதுவும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம், மாதாமாதம் மாத்திரைக்கு அதில் ஒன்றும் இல்லை. எங்களுக்கு மாத்திரைதான் முக்கியம். மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம், பக்கத்து வீட்டுப் பாட்டிக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை ஒரு பெண் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, பிரஷரும் பார்த்துவிட்டுப் போகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கினார்கள். இஎஸ்ஐக்காரர்களுக்கும் ஒரு மாத மருந்தை அந்த மாதிரி வாசலில் கொண்டுவந்து கொடுத்தால் என்ன? இன்சுலினை வேண்டுமானால் நாங்கள் பிளாஸ்க்கோடு வந்து வாங்கிக்கொள்கிறோம்.

நட்சத்திரம் கொடுக்க வேண்டும் என்றால், ஆபரேஷனுக்கு ஐந்துக்கு ஐந்தே கொடுப்பேன், பாத்ரூமுக்காகக் குறைக்க மாட்டேன். மருந்து ஸ்டாக்குக்கு இரண்டு. தகவல் சொல்வதற்கு ஒன்றுகூடக் கிடையாது. மொத்தமாக மூன்றரை. 120 ரூபாய்க்கு இது போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேண்டுமானால் வருடம் 240 ஆக்கட்டும், நான் கட்டுகிறேன், எங்கள் சங்கத்தில் கேட்டுப் பார்த்தேன், அங்கேயும் பலர் கட்டத் தயார் என்கிறார்கள், ஆனால் எழுதிக் கொடுத்த மருந்து அன்றைக்கே முழுசாகக் கிடைக்க வேண்டும்.

மில்லிலோ பவுண்டரியிலோ பனியன் கம்பெனியிலோ உங்கள் வீட்டில் யாராவது அடுத்த சில மாதத்தில் ரிட்டயர் ஆகப் போகிறார்கள் என்றால், இஎஸ்ஐ பிடித்தம் உள்ள சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள், இஎஸ்ஐ நம்பரைத் தனியாக எழுதி வையுங்கள், ரிட்டயர் ஆகும் தேதியும் சர்வீஸும் போட்ட லெட்டரைக் கடைசி ஷிப்டுக்கு முன்னாலேயே ஆபீஸில் கேட்டு வாங்கிவிடுங்கள். கம்பெனி மூடிவிட்டால் அந்த லெட்டர் கொடுக்க ஆள் இருக்காது, மூடிப்போன மில் ஆட்கள் பலர் இதற்காகத்தான் அலைகிறார்கள்.

இந்த மாதம் இன்சுலின் கிடைத்துவிட்டது. என் பிரஷர் மாத்திரை 15 நாளுக்குத்தான் கொடுத்தார்கள், மீதிக்கு 28ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.